கார் ஷெட்டுக்கு வாங்கிய வயர்

நாலேகால் மணிக்கு, அன்றைக்கு இரண்டாவது முறையாக, எங்கள் கார் ஷெட்டில் பீஸ் போனது. மாமா பீஸ் கட்டையைப் பிடுங்கி, அதில் கருகிக் கிடந்த மெல்லிய கம்பியை ஊதித் தள்ளினார். பிறகு காருக்கென்று வைத்திருந்த செம்புக் கம்பியில் ஒரு கற்றையை வெட்டி, மடித்து, முறுக்கி அதில் மாட்டினார். "இனிமே எப்பிடிப் போவுதுன்னு பார்க்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே கட்டையைத் திரும்பச் செருகினார். கிரைண்டர் மறுபடி சுற்றத் தொடங்கியது. அதற்குப் பிறகு பீஸ் போகவே இல்லை. போயிருக்க வேண்டும்.

யாரும் சாகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். படிப்பவர்களுக்காக அல்ல, எனக்காகத்தான். முடிவு நல்லபடியாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளாவிட்டால் பாதியில் எழுந்து போய்விடுவேன். போன வாரத்திலிருந்து என் நிலைமை அப்படி.

போன வாரம் நடந்ததும் பெரிய விஷயமில்லை. இப்போது விழுப்புரத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் இரண்டு விளக்குகள், அவற்றின் சுவிட்சுக்குக் கீழே ஒரு பிளக். அந்தப் பிளக்கில்தான் என் மகள் தன் பேட்டரி ஸ்கூட்டரைச் சார்ஜ் போடுவாள். அன்றைக்கு என் கணவர் அதே பிளக்கில் இன்னொரு வயரை இழுத்து, கார் கழுவுகிற பம்பையும் ஓட்டியிருக்கிறார். நான் சமையலறையில் இருந்தேன். ரப்பர் கருகும் வாசனை வந்தது. அடுத்த நொடி விளக்குகள் அணைந்தன. நான் எப்படி ஷெட்டுக்கு ஓடினேன், எப்போது மகளின் மணிக்கட்டைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தேன் என்பதெல்லாம் எனக்கு நினைவில்லை. "அம்மா, அதான் ட்ரிப் ஆயிடிச்சே! கைய விடு, வலிக்குது" என்று அவள் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் குழாய்க்குள்ளிருந்து வயரை உருவிக் காட்டினார். சிவப்பாக இருந்த உறை பழுப்பாகி இளகியிருந்தது. "லைட்டுக்குப் போட்ட வயரு மேடம். லைட்டுக்கு இது கரெக்ட்டுதான்" என்றார். நான் ஷெட் முழுவதற்கும் கனமான நாலு எம்.எம். வயர் போடச் சொன்னேன். அவர் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார்.

"ரெண்டு லைட்டுக்கு யாராச்சும் நாலு எம்.எம். போடுவாங்களா மேடம்?"

"லைட்டுக்கு இல்லப்பா. லைட்டுக்கு அப்புறம் வர்றதுக்கு" என்றேன்.

அவர் போன பிறகும் நான் அந்தக் கருகிய வயரையே எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் காபி போட்டுக்கொடுத்து, "நீ எதுக்கும்மா இவ்ளோ பயப்படற?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. திண்டிவனத்தில் இருந்தோம். அப்பாவுக்கு விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. காலையில் பாசஞ்சர் ரயிலில் போய்விட்டு இருட்டியதும் திரும்புவார். அம்மாவின் தம்பி எங்களோடுதான் இருந்தார். அவர் ஒரு பழைய வெள்ளை அம்பாசிடரை வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். பிரசவத்துக்குப் பாண்டிச்சேரி, பெண் பார்க்கச் செஞ்சி, அமாவாசை என்றால் மேல்மலையனூர். அந்தக் காரை எங்கள் தெருவில் எல்லோரும் மாமாவின் கார் என்றார்கள். மாமா மட்டும் "நம்ம காரு" என்பார். அந்த "நம்ம"வில் நானும் என் தம்பியும் இருந்தோம். தம்பிக்கு நாலு வயது. அவன் காரின் பின் சீட்டில் வாழ்ந்தான் என்றே சொல்லலாம். சாப்பாடு மட்டும்தான் வீட்டில்.

கார் வெயிலில் நிற்கிறதே என்று அப்பா வீட்டை ஒட்டி மூங்கில் நட்டு, கீற்று வேய்ந்து ஒரு ஷெட் போட்டுக்கொடுத்தார். ராத்திரியில் சவாரி போய் வருகிறவன் இருட்டில் தடுமாறக் கூடாது என்று இரண்டு டியூப்லைட் போட முடிவானது. அப்பா எதிலும் ஒருபடி மேலே போகிற ஆள். பூட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். அன்று காலை ரயிலுக்குக் கிளம்பும்போது மாமாவிடம், "மச்சான், வயரு மூணு-இருபது வாங்கு. அதுக்குக் கம்மியா வாங்காத. லைட்டுதானன்னு நெனைக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். மூணு-இருபது என்றால் இருபதாம் நம்பர் கம்பி மூன்றைச் சேர்த்து முறுக்கியது. வீட்டுக்குள் பிளக்குகளுக்கெல்லாம் போடுகிற கனமான வயர்.

கடைக்கு மாமாவோடு நானும் போனேன், சைக்கிளின் முன் கம்பியில் உட்கார்ந்து. கடைக்காரர் இரண்டு சுருள்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று மூணு-இருபது. இன்னொன்று, கூரையிலிருந்து பல்பு தொங்கவிடுகிற முறுக்கு வயர், பார்க்க அழகாகப் பின்னல்போல இருந்தது.

"எதுக்குத் தம்பி?" என்றார் கடைக்காரர்.

"கார் ஷெட்டுக்கு. ரெண்டு டியூப்லைட்டு."

"லைட்டு மட்டுந்தானா? ப்ளக்கு கிளக்கு ஏதாச்சும்?"

"கார் ஷெட்டுல இன்னா மாவா ஆட்டப் போறோம்?" என்றார் மாமா.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமா முறுக்கு வயரையே வாங்கினார். மூணு-இருபதுக்கு வைத்திருந்ததில் மிச்சம் பிடித்ததற்கு, காருக்கு இரட்டைச் சத்தம் போடும் ஒரு ஹாரன் வாங்கினார். வீடு வரை அந்த ஹாரனை நான்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உலகத்தில் அதைவிடப் புத்திசாலித்தனமான வியாபாரம் நடந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது.

அப்பா திரும்பி வருவதற்குள் மாமாவும் அவருடைய சிநேகிதர் ஒருவருமாக மூங்கில் வாரைகளோடு வயரைக் கட்டிக்கொண்டு போய், கீற்றுக்கு அடியில் லைட்டுகளை மாட்டிவிட்டார்கள். போகிற போக்கில் எதற்கும் இருக்கட்டும் என்று கீழே ஒரு பிளக்கும் வைத்தார்கள். அப்பா வந்து பார்த்தபோது இரண்டு லைட்டுகளும் பளிச்சென்று எரிந்தன. கீற்றுக்குள் மறைந்து போகிற வயரை யார் பார்க்கப்போகிறார்கள்? "நல்லாருக்கு மச்சான்" என்று தோளில் தட்டிவிட்டுக் கைகால் கழுவப் போனார்.

முதல் மாதமே மாவு ஆட்ட ஆரம்பித்துவிட்டோம்.

அம்மாவின் கிரைண்டர் அந்தக் காலத்துக் கனமான தரைக் கிரைண்டர். அது ஓடினால் எங்கள் சமையலறைச் சுவரும் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையும் சேர்ந்து அதிரும். "ஷெட்டுலதான் ப்ளக்கு கீதே" என்று மாமாவே தூக்கிக்கொண்டு போய் வைத்தார். பிறகு இஸ்திரிப் பெட்டி போனது. காரின் முன் மூடிமேல் பழைய போர்வையை விரித்து மாமா சட்டை தேய்ப்பார். அவ்வளவு பெரிய மேசை எங்கள் வீட்டில் இல்லை. குளிர்காலம் வந்ததும் வெந்நீர் வைக்கிற ராடும் போனது, குளியலறையில் பிளக் இல்லாததால். ஒரு பிளக்கில் மூன்றையும் செருக மாமா ஒரு மரப்பலகையில் வரிசையாக ஓட்டைகள் வைத்துத் தயார் செய்திருந்தார். வீட்டில் இடம் கிடைக்காத எல்லாவற்றுக்கும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை மூட்டைகளுக்குக்கூட, ஷெட்டில் இடம் இருந்தது. வயர் மட்டும் இரண்டு டியூப்லைட்டுகளுக்கு வாங்கிய வயராகவே இருந்தது.

அன்றைக்குத் தை அமாவாசை. சாயங்காலம் எல்லோரும் நம்ம காரில் மேல்மலையனூர் போவதாக ஏற்பாடு. அப்பாவின் அக்கா விழுப்புரத்திலிருந்து காலையிலேயே வந்துவிட்டார். அத்தைக்குக் குரலும் பெரிது, மனசும் பெரிது. எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் பாத்திரங்களைத் தூக்கி அடிப்பக்கம் பார்ப்பார், பிறகு எங்களைத் தூக்கிக் கொஞ்சுவார். மாமாவிடம் அவருக்கு ஒருபோதும் நம்பிக்கை இருந்ததில்லை.

"ஏம்மா, உன் தம்பி ஓட்டற காருல ஏறி நாங்க உருப்படியா ஊடு வந்து சேருவமா?" என்று அம்மாவைக் கேட்பார்.

"வந்துடலாம் அண்ணி" என்று அம்மா சிரிப்பார். திரும்பிச் சமையலறைக்குப் போகும்போது அந்தச் சிரிப்பு இருக்காது. தன் தம்பியை வீட்டோடு வைத்திருக்கிற பெண் நாத்தனார் முன்னால் அப்படித்தான் நடமாட வேண்டியிருந்தது என்பது எனக்கு அப்போது எங்கே தெரியும்? அம்மாவுக்கு அடுப்புச் சூடு என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் எல்லோருக்கும் தலைக்குக் குளிக்க வெந்நீர் வேண்டும். வடைக்கு உளுந்து ஆட்ட வேண்டும். மாமாவின் வெள்ளைச் சட்டை தேய்க்க வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டியிருந்தது. அதனால்தான் பீஸ் மதியமே ஒருமுறை போனது. நாலேகாலுக்கு மறுபடி போனது. மாமா செம்புக் கற்றையைப் போட்டார். சட்டையைத் தேய்த்து முடித்து, இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் சூடாகவே விட்டுவிட்டு, காருக்குக் கட்ட எலுமிச்சம்பழமும் பூவும் வாங்கச் சைக்கிளில் கடைத்தெருவுக்குப் போனார்.

அப்போதுதான் அத்தை என் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். தலைக்குக் குளித்த அலுப்பில் அவன் கண்கள் செருகியிருந்தன. "ராத்திரி கண்ணு முழிக்கணும். இப்பவே கொஞ்சம் தூங்குடா ராஜா" என்று பின் சீட்டில் படுக்கவைத்துத் தன் பழைய புடவையால் போர்த்திவிட்டார். அவன் கண்ணை மூடும்வரை தட்டிக்கொடுத்துவிட்டு, வடை சுட அம்மாவோடு உள்ளே போனார். நான் வாசலில் உட்கார்ந்து ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தேன்.

ரப்பர் கருகுகிற வாசனை முதலில் யாரையும் பயமுறுத்தவில்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் நெடுஞ்சாலை. அதன் ஓரத்தில் பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற பட்டறை. அந்த வாசனையில்தான் நாங்கள் சாப்பிட்டோம், படித்தோம், தூங்கினோம். எதிர்வீட்டுத் தையல்கார அக்கா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "இன்னா பாப்பா, இன்னிக்கு அமாவாசைன்னு டயர்க்காரன் ஊருக்கே சாம்பிராணி போடறானா?" என்று கேட்டார். நான் சிரித்தேன்.

ஷெட்டின் கீற்று வழியாக வெள்ளையாக ஏதோ மேலே போனது. வெந்நீர் ஆவி என்று நினைத்தேன். அது மஞ்சளானது. பிறகு கீற்றின் நடுவில் ஓர் இடம் உள்ளிருந்து யாரோ விளக்குப் பிடித்ததுபோல் சிவந்தது. தையல்கார அக்காதான் முதலில் கத்தினார்.

"ஐயோ, கொட்டா எரியுதும்மா! வெளிய வாங்க, கொட்டா எரியுது!"

அம்மா ஓடி வந்தார். பின்னாலேயே அத்தை வந்தார், கையில் மாவோடு. தெருவில் யாரோ குடத்தோடு ஓடி வந்தார்கள். அதே நேரத்தில் மாமாவின் சைக்கிள் தெருவுக்குள் திரும்பியது. அவர் அதை நிறுத்தவில்லை. அது தானாகப் போய் விழுந்தது.

"தண்ணி ஊத்தாதீங்க! கரண்ட்டு இருக்கு! அக்கா, மெயின ஆஃப் பண்ணு! ஜல்தி!"

மெயின் சுவிட்ச் முன்னறையில் உயரத்தில் இருந்தது, இரும்புப் பிடி வைத்தது. அம்மாவுக்கு எட்டாது. அப்பாதான் எப்போதும் தொடுவார். அம்மா சோறு கிளறுகிற மரக்கரண்டியை எடுத்துக்கொண்டு முக்காலிமேல் ஏறி ஓங்கி அடித்தார். இரண்டாவது அடியில் பிடி கீழே இறங்கியது. ஷெட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் முனகி நின்றது. அது அவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அத்தை ஷெட்டைப் பார்த்தபடி அசையாமல் நின்றிருந்தார். பிறகு அவர் வாயிலிருந்து ஒரு குரல் வந்தது. அது அவருடைய குரலாகவே இல்லை.

"புள்ள. புள்ள காருல தூங்கறான்."

மாமா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினார்.

இந்த இடத்தில் மகளுக்குச் சொல்லும்போது நான் கொஞ்சம் நிறுத்தினேன். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, சின்ன மாமாதான் நேத்து போன் பண்ணாரே" என்றாள். ஆமாம், என் தம்பி பண்ணினான். அவனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. முட்டி வலி என்று புலம்பினான். அது தெரிந்தும் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, அதற்கு நான் என்ன செய்வது?

மாமா இருமிக்கொண்டே வெளியே வந்தார். கையில் அத்தையின் புடவை மட்டும் இருந்தது.

"இல்ல. சீட்டுல இல்ல."

"நான்தான் படுக்க வச்சேன்! இந்தக் கையாலதான் படுக்க வச்சேன்! அங்கதான் கீறான், நல்லாப் பாரு!" என்று அத்தை அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"பயந்து கீழ எங்கனா பூந்துக்கினு இருப்பான்" என்றார் தையல்கார அக்கா.

மாமா மறுபடி போனார். காருக்கு அடியில் படுத்துத் தேடினார். மூலையில் அடுக்கியிருந்த மல்லாட்டை மூட்டைகளைப் புரட்டினார். "டேய், மாமா வந்துட்டேன்டா, எங்கடா இருக்க?" என்று அவர் கூப்பிடுவது தீயின் சத்தத்துக்கு நடுவில் கேட்டது. எரிகிற கீற்று துண்டு துண்டாகக் காரின் மேல் விழுந்தது. தெருவே கத்தியது, "வெளிய வாப்பா, பெட்ரோல் கீது, வெளிய வா!" அவர் வரவில்லை. கை பிரேக்கை எடுத்துவிட்டு உள்ளேயிருந்து காரைத் தள்ளிக்கொண்டு வந்தார். பாதியில் நாலைந்து பேர் ஓடிப்போய்ப் பிடித்து இழுத்தார்கள். தையல்கார அக்காவும் இழுத்தார். கார் தெருவுக்கு வந்ததும் மாமா எல்லாக் கதவுகளையும் திறந்தார், பின்பக்க டிக்கியைக்கூடத் திறந்தார். எதிலும் அவன் இல்லை. அவர் திரும்பி மறுபடி உள்ளே ஓடப் பார்த்தபோது கூரை அப்படியே உட்கார்ந்துவிட்டது. இரண்டு பேர் அவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவர் அவர்களை உதைத்தார்.

எல்லோரும் தண்ணீர் ஊற்றினார்கள். தெருக் குழாயிலிருந்து ஷெட் வரை வரிசையாகக் குடங்கள் கை மாறின. தீயணைப்பு நிலையத்துக்கு ஆள் ஓடியது. அதற்குள் எரிய ஒன்றும் மீதி இல்லை. கரியும் புகையும் சேறுமாக ஒரு குவியல் கிடந்தது. அத்தை அதற்குள் இறங்கினார். யாரும் தடுக்கவில்லை. கொதிக்கிற கீற்றை வெறுங்கையால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ தெரியவில்லை. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னை நிற்கவைப்பதற்காகப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். அம்மா நிற்பதற்காகத்தான் பிடித்திருந்தார். மாமா சேற்றில் மண்டியிட்டு மூட்டைகளை இழுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புருவம் இல்லை. இரண்டு முன்கைகளும் தோலுரித்த பீட்ரூட்போல் இருந்தன.

அப்போது தெருமுனையிலிருந்து அப்பா வந்தார்.

அமாவாசைக்காகக் கொஞ்சம் சீக்கிரமே அனுமதி வாங்கிக்கொண்டு, ரயிலுக்குக் காத்திருக்காமல் பஸ்ஸில் வந்திருக்கிறார். ஒரு கையில் டிபன் கேரியர் பை. தோள்மேல் என் தம்பி. அவன் வாய் நிறைய மல்லாட்டை உருண்டை.

கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. அப்பா ஷெட் இருந்த இடத்தைப் பார்த்தார், தெருவில் நிற்கிற காரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"முனையில சைக்கிள் கடையில குந்திக்கினு இருந்தான்" என்றார், ஏதோ தப்பாகச் சொல்கிறோமோ என்கிற மாதிரி.

"பஞ்சர் பாத்தேன்" என்றான் தம்பி.

அவ்வளவுதான். கிரைண்டர் சத்தத்தில் விழித்திருக்கிறான். யாரும் இல்லை என்றதும் காரின் அந்தப்பக்கக் கதவைத் திறந்து, பின் சந்து வழியாக நெடுஞ்சாலை ஓரச் சைக்கிள் கடைக்குப் போய்விட்டான். தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் காற்றுக் குமிழி முட்டை விடவைப்பதை அவன் நாள் முழுவதும் பார்ப்பான்.

அத்தை சேற்றிலிருந்து ஏறி வந்து அவனைத் தொட்டார். காலை, முதுகை, தலையை, ஒவ்வோர் இடமாகத் தொட்டார். அவருடைய கரிக் கையையும் முகத்தையும் பார்த்துப் பயந்து அவன் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அத்தை அழுதார். தெருவில் பாதிப்பேர் அழுதார்கள். தையல்கார அக்கா அழுதுகொண்டே சிரித்து, "படுபாவி, உருண்டையில எனக்குக் கொஞ்சம் குடுடா" என்றார். அம்மா மட்டும் அழவில்லை. என் தோளை விடவும் இல்லை.

அழுது முடித்ததும் அத்தைக்குக் குரல் திரும்ப வந்தது. கரிக்குள் கிடந்த வயரை இழுத்து எடுத்துக்கொண்டு, மாமாவைக் காட்டி அப்பாவிடம் கத்தினார்.

"உன் மச்சான் உன் புள்ளையக் கொன்னுருப்பான்டா தம்பி! கேளுடா அவன, எந்த வயர வாங்கியாந்து மாட்டினான்னு கேளு! நூலு மாரி வயரு, அதுல ஊரு வேலையெல்லாம் பண்ணிக்கினு இருந்திருக்கான்! இவன் இந்த ஊட்ல இருக்கணும்னா இனிமே நான் உன் வாசப்படி மெதிக்க மாட்டேன், சொல்லிட்டேன்!"

பிள்ளையை அந்தச் சீட்டில் படுக்கவைத்தவர் தான்தான் என்பதை அவர் ஒரு நொடிகூட மறக்கவில்லை என்பது இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு, அத்தைக்கு மாமாவைப் பிடிக்காது, அதனால் திட்டுகிறார், அவ்வளவுதான்.

அப்பா மாமாவையே பார்த்தார். புருவம் இல்லாத முகத்தையும் அந்தக் கைகளையும் பார்த்தார்.

"அவரு உள்ள போயிப் போயி வந்தாருங்க. புடிச்சும் நிக்கல" என்றார் தையல்கார அக்கா மெதுவாக.

மாமா எழுந்து நின்றார். "ஆமா மாமா. வயரு நான்தான்..." என்று ஆரம்பித்தார்.

"அக்கா" என்றார் அப்பா, அத்தையைப் பார்த்து. "அந்த வயர நான்தான் வாங்கியாரச் சொன்னேன். ரெண்டு லைட்டுதான, மெல்லிசே போதும்னு நான்தான் சொன்னேன். அவன ஏன் திட்டற?"

அத்தை கரிக் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டார். மாமா அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு ஒரே பதற்றம். அப்பாவுக்கு மறந்துவிட்டது. மூணு-இருபது வாங்கு, அதற்குக் கம்மியாக வாங்காதே என்று சொன்னது அப்பாதான், நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். இத்தனை பேர் முன்னால் அப்பா தன்மேல் தப்பாகப் பழி போட்டுக்கொள்கிறாரே, யாராவது அவருக்கு நினைவுபடுத்த வேண்டாமா? "இல்லப்பா, நீங்க..." என்று தொடங்கினேன். அம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது. உளுந்து மாவும் புகையும் மணக்கிற கை. மூச்சு முட்டுகிற அளவுக்கு அழுத்திப் பிடித்தது. அம்மா குலுங்குவது என் முதுகில் தெரிந்தது. உண்மையைத்தானே சொல்ல வந்தேன், அதற்கு எதற்கு இப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பா தம்பியின் கைகளைத் தன் கழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். மாமாவின் கையில் வெந்துபோன இடத்தில் படாமல் பார்த்து, அவனை அவருடைய மார்போடு சாய்த்துக் கொடுத்தார்.

"இந்தா, புடி மச்சான். முனையில இருந்து தூக்கிக்கினு வந்து எனக்குத் தோளே போச்சு."